1870-க்கு முன்னால் பெயர் இல்லை

பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங், அடிமைகள் தப்பியோட உதவிய ஹாரியட் டப்மன் ஆகியோரைத் தாண்டி ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றில் மறைந்து கிடக்கும் கதைகள் என்னென்ன, அவற்றை எப்படித்தான் தேடி எடுக்கிறார்கள், நான் எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'மறைந்து கிடக்கும்' என்ற சொல்லில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தன. கேட்க ஆளில்லை. கேட்டவர்களும் கிழவன் கிழவி கதை என்று விட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து ஒரு காகிதமோ எலும்போ கருகிய பலகையோ கிடைத்த பிறகு 'புதிய கண்டுபிடிப்பு' என்று செய்தி வருகிறது. நான் இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

காகிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களின் வேரைத் தேடுபவர்கள் '1870 சுவர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் கறுப்பின மக்கள் எல்லோருடைய பெயரும் முதன்முறையாக எழுதப்பட்டது. 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இப்படி வெறும் வயதாக நின்றார்கள். கொள்ளுப்பாட்டியின் அம்மாவைத் தேடிப் போகிறவர் 1870 வரை பெயரோடு போவார். அதற்கு முன்னால் போனால் '28 வயதுப் பெண்' என்று ஒரு வரி. அது அவர்தானா என்று யார் சொல்வது?

அந்தச் சுவரில் ஓட்டை போட உதவிய ஆவணங்களில் எனக்குப் பிடித்தது, திவாலான ஒரு வங்கியின் பதிவேடு. 1865 மார்ச்சில், விடுதலை பெற்றவர்கள் சேமிப்பதற்காக ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார்கள். அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பி, துணி வெளுத்தும் பருத்தி பறித்தும் சேர்த்த காசை மக்கள் அதில் போட்டார்கள். நிர்வாகிகள் கண்டபடி கடன் கொடுத்து 1874-ல் கதவைச் சாத்தினார்கள். 61,000-க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் முடங்கியது. கடைசி சில மாதங்களில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். பாவம், அவர் தன் சொந்தப் பணத்தையும் போட்டுப் பார்த்தார்.

இது துயரம்தான். ஆனால் கணக்கு திறக்க வந்தவர்களிடம், ஆளை அடையாளம் தெரிந்துகொள்வதற்காகக் குமாஸ்தாக்கள் கேட்டு எழுதியவற்றைப் பாருங்கள்: எங்கே பிறந்தாய், முன்னாள் எஜமான் யார், எந்தத் தோட்டம், அப்பா அம்மா பெயர், அண்ணன் தம்பிகள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் பணம் திருப்பிக் கொடுக்கும்போது சரிபார்க்க வேண்டுமே, அதற்காக. பணம் போய்விட்டது, குடும்ப மரம் மிஞ்சியது. பதிவேடு எந்த ஒழுங்கிலும் இல்லாததால் நெடுங்காலம் அதில் யாரையும் தேடிப்பிடிக்க முடியவில்லை. யூட்டா மாநிலச் சிறையின் கைதிகள் சுமார் 550 பேர், 11 வருடம் உட்கார்ந்து அத்தனை பெயர்களையும் படித்து அட்டவணை போட்டார்கள். 2001-ல் அது குறுந்தகடாக வந்தது. ஏறத்தாழ 4,80,000 பெயர்கள்.

அடுத்தது, காணாமல் போனவர்களைத் தேடும் விளம்பரங்கள். அடிமைத்தனத்துக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் முடிந்ததும் மக்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விற்கப்பட்டுப் பிரிந்துபோன சொந்தங்களைத் தேடியது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு மெதடிஸ்ட் பத்திரிகை 1877-ல் 'தொலைந்த நண்பர்கள்' என்று ஒரு பகுதி தொடங்கியது. சந்தாதாரர் அல்லாதவர்களுக்கு ஒரு விளம்பரம் 50 சென்ட். தேவாலயங்களில் போதகர்கள் அதைச் சபைக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது பத்திரிகையின் வேண்டுகோள். ஆசிரியருக்கு எழுதும் கடிதம்போலத் தொடங்கி, என் அம்மாவைத் தேடுகிறேன், எங்களை இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கினார், இந்த ஊரில் பிரித்தார், என்னோடு இத்தனை பிள்ளைகள் என்று போகும்.

இதைப் படிக்கும்போது எனக்கு முதலில் ஒன்று புரியவில்லை. தாயைத் தேடுகிறவர் ஏன் எஜமான்களின் பெயர்களை இவ்வளவு துல்லியமாக, விற்பனை வரிசைப்படி எழுதுகிறார்? யோசித்தால் விடை எளிது. அந்த மக்களுக்கு வேறு முகவரி கிடையாது. அம்மா எங்கே இருப்பார் என்பதற்கு ஒரே துப்பு, அவரை வாங்கியவனின் பெயர். முப்பது நாற்பது வருடம் அந்தப் பெயர்களை மனதிலேயே வைத்திருந்து எழுதியிருக்கிறார்கள். இன்று ஆய்வாளர்கள் தோட்டக் கணக்குகளோடு பொருத்திப் பார்ப்பது இந்தப் பெயர்களைத்தான்.

மூன்றாவது, பேட்டிகள். 1936-லிருந்து 1938 வரை, பொருளாதாரப் பெருமந்த காலத்தில், வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. அதன் கீழ் அடிமைத்தனத்தில் வாழ்ந்த 2,300-க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பேட்டி எடுத்தார்கள். பொக்கிஷம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாத பொக்கிஷம். சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் என்ற மூதாட்டியை 1937-ல் இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண். அவர் நிவாரண அலுவலகத்திலிருந்து உதவித்தொகை விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்ட மூதாட்டி, எங்கள் எஜமான் நல்லவர் என்கிற தொனியிலேயே பேசினார். இன்னொருவர் கறுப்பின எழுத்தாளர். அவரிடம் மூதாட்டி சவுக்கடியைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளை விற்கும்போது தாய்மார்கள் கதறியதைச் சொன்னார். ஓர் இரவு ஒரு ஜோடிக்குக் கல்யாணம் ஆனது, மறுநாள் காலையில் பெண்ணை விற்றுவிட்டார்கள், பெண்ணின் அம்மா தெருவில் நின்று எஜமானியை வாய்க்கு வந்தபடி ஏசினாள் என்றும் சொன்னார். ஒரு பேட்டியில் அவர் பெயர் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்டன். விஷயம் தெரியாமல் படித்தால் இரண்டு பாட்டிகள் என்றே நினைப்போம்.

இரண்டில் எது உண்மை என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தவர் உதவித்தொகை தரும் அதிகாரி என்று நினைத்தால் நீங்கள் என்ன பேசுவீர்களோ, அதைத்தான் அவரும் பேசினார்.

சரி, இப்போது நான் நிறைய நேரம் செலவிட விரும்பும் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவுக்குள் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-லேயே சட்டவிரோதம். உள்ளூரில் வாங்கலாம், விற்கலாம். கடல் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தில் டிமதி மீஹர் என்ற பணக்காரக் கப்பல் முதலாளி, அரசின் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு கப்பல் ஆட்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினான். வில்லியம் ஃபாஸ்டர் என்ற கேப்டன் தான் கட்டிய க்ளோடில்டா என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு 1860-ல் டஹோமி நாட்டின் ஊய்டா துறைமுகத்துக்குப் போனான். இன்றைய பெனின் நாடு அது. கப்பலில் ஏற்றிய சுமார் 110 பேரோடு ஜூலையில், இரவோடு இரவாக மொபீல் விரிகுடாவுக்குள் நுழைந்தான். ஆட்களை ஆற்றோர நாணல் காட்டில் ஒளித்துவிட்டு, சாட்சி இருக்கக் கூடாது என்று கப்பலைக் கொளுத்தி மூழ்கடித்தான். வழக்கு வந்தது. 1861 ஜனவரியில் தள்ளுபடியும் ஆனது. சில மாதங்களில் உள்நாட்டுப் போர். அதோடு யாருக்கும் தண்டனை இல்லை.

அந்தக் கப்பலில் வந்தவர்களில் ஒருவர் கொசோலா. அப்போது வயது சுமார் 19. அமெரிக்காவில் வைத்த பெயர் குட்ஜோ லூயிஸ். அவர் அடிமையாக இருந்தது ஐந்து வருடம்கூட இல்லை. 1865 ஏப்ரல் 12 அன்று, அவர் வேலை பார்த்த படகுக்கு அருகே இருந்த மல்பெரி மரங்களில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்த வடக்குப் படைவீரர்கள், இனி நீங்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னார்கள். எங்கே போவது என்று இவர்கள் கேட்டதற்கு, எங்கே வேண்டுமானாலும் என்று பதில் வந்தது.

ஊருக்குத் திரும்பத்தான் ஆசை. கப்பல் கூலிக்குப் பணம் சேரவில்லை. சரி, இங்கேயே இருப்போம், நிலம் கேட்போம் என்று கூடிப் பேசி, கொசோலாவை அனுப்பினார்கள். எங்களை எங்கள் மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தாய், ஐந்து வருடம் கூலியில்லாமல் உழைத்தோம், கொஞ்சம் நிலம் கொடு என்று அவர் மீஹரிடம் கேட்டார். மீஹர் குதித்தெழுந்து திட்டினான். இவர்கள் மர அறுவை ஆலையிலும் வெடிமருந்து ஆலையிலும் வேலை பார்த்து, பெண்கள் காய்கறி விற்று, நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். 1872-ல் கொசோலா இரண்டு ஏக்கருக்குக் கொடுத்தது 100 டாலர். அப்படி உருவான ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் ஆப்பிரிக்காடவுன். சொந்தத் தலைவர், சொந்த நீதிபதிகள், தேவாலயம், பள்ளி எல்லாம் வந்தன.

1927-28-ல் ஸோரா நீல் ஹர்ஸ்டன் அங்கே போனார். அவர் எழுத்தாளர், மானுடவியல் படித்தவர். முதல் பயணத்துக்குப் பிறகு வெளியிட்ட கட்டுரையில் பெரும்பகுதி இன்னொரு பெண் ஏற்கெனவே எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது என்று பின்னால் தெரியவந்தது. பெரிய ஆட்களும் இப்படி வழுக்கியிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அவர் திரும்பப் போனார், இந்த முறை அவசரப்படாமல். பீச் பழம், பன்றி இறைச்சி, தர்பூசணி என்று ஏதாவது எடுத்துக்கொண்டு போவார். சில நாள் கிழவர் பேச மாட்டார். தோட்ட வேலை இருக்கிறது, போய்விட்டு வா என்பார். இவர் தொந்தரவு செய்யாமல் திரும்பிவிடுவார். ஒருநாள் புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டார். கொசோலா உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், காலில் மட்டும் செருப்பில்லை. ஆப்பிரிக்காவில் இருப்பதுபோல் தெரிய வேண்டும், அங்கேதான் இருக்க ஆசை என்று காரணம் சொன்னார். மனைவியும் பிள்ளைகளும் புதைக்கப்பட்டிருந்த குடும்ப இடுகாட்டில் நின்றுதான் படம் எடுக்கச் சொன்னார்.

ஹர்ஸ்டன் கிழவரின் பேச்சை அவர் உச்சரித்தபடியே எழுதினார். அதை நல்ல ஆங்கிலமாக மாற்றினால் போடுகிறோம் என்றது ஒரு பதிப்பகம். மாற்ற முடியாது என்றார். 'பாரக்கூன்' என்ற அந்த நூல் அச்சில் வந்தது 2018-ல். அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடி என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். கொசோலா 1935-லும் ஹர்ஸ்டன் 1960-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஆப்பிரிக்காடவுன் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றில் கப்பல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். கப்பலைக் கொளுத்தியதாக ஃபாஸ்டரே 1890-ல் கைப்பட எழுதி வைத்திருந்தும் இந்த நிலை! 2018 ஜனவரியில் ஆற்றில் நீர் மிகவும் வற்றியபோது ஒரு சிதைவு தென்பட்டது. அது வேறு கப்பல், அளவு பெரிது. ஆனால் அதனால் கிளம்பிய தேடல் நிற்கவில்லை. இன்னொரு சிதைவு கிடைத்தது. நீளம், அகலம், மரத்தின் வகை, கையால் அடித்த இரும்பு ஆணிகள் எல்லாம் பழைய பதிவு ஆவணங்களோடு ஒத்துப்போயின. 2019 மே மாதம் அலபாமா வரலாற்று ஆணையம், இது க்ளோடில்டாதான் என்று அறிவித்தது.

அந்தக் கப்பலில் வந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் கொசோலா என்றுதான் நெடுங்காலம் எழுதினார்கள். 2020-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர், 1940 வரை வாழ்ந்த மட்டில்டா மெக்ரியர் என்ற பெண்ணை அடையாளம் காட்டினார். இரண்டு வயதில் தாயோடு அந்தக் கப்பலில் வந்தவர் அவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1931-ல், சுமார் 15 மைல் நடந்து செல்மா நகர நீதிமன்றத்துக்குப் போய் நஷ்டஈடு கேட்டார். கேட்டதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அவர் வந்து கேட்டதை உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது, அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. 83 வயதில் இருந்த அவருடைய பேரனுக்கே பாட்டியின் முழுக்கதை இந்த ஆய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நஷ்டஈடு கேட்டு ஜெயித்த பெண்ணும் உண்டு. ஹென்ரியட்டா வுட், 1848-ல் சின்சினாட்டியில் சட்டப்படி விடுதலை பெற்றவர். 1853-ல் ஸெபுலன் வார்டு என்பவனின் ஏற்பாட்டில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கென்டக்கிக்கு ஏமாற்றி அழைத்துப்போய், மறுபடி அடிமையாக்கித் தெற்கே விற்றார்கள். விடுதலைப் பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் இருந்த பதிவோ 1849-ல் கட்டடத்தோடு எரிந்துபோயிருந்தது. போருக்குப் பிறகு சின்சினாட்டிக்குத் திரும்பி வந்து வார்டின் மேல் 20,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1878-ல், பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் அவருக்கு 2,500 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கேட்டதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் வார்டு கொடுத்தான். வுட்டின் மகன் சட்டம் படித்து சிகாகோவில் வக்கீல் ஆனார்.

நிலத்தடியிலிருந்து வந்த கதை என்றால் நியூயார்க். அடிமைத்தனம் தெற்கத்தி விவகாரம் என்ற நினைப்பை உடைத்தது அது. 1991-ல் மன்ஹாட்டனில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்துகொண்டே இருந்தன, மொத்தம் 419 பேர். அங்கே கறுப்பினத்தவரின் இடுகாடு இருந்தது என்பது 1755-ஆம் வருட வரைபடத்திலேயே இருக்கிறது! மக்கள் போராடியதால் அந்தப் பகுதியில் தோண்டுவதை நிறுத்தினார்கள். எலும்புகளை ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2003-ல் திரும்ப அடக்கம் செய்தார்கள். புதைக்கப்பட்டவர்களில் குழந்தைகள் மிக அதிகம். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள் இருந்தன. அவற்றைக் கோத்த நூல் மக்கிப்போய்விட்டது, மணிகள் வரிசை கலையாமல் இருந்தன.

நீங்கள் படிக்கத் தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 'யாருக்கும் தெரியாத வரலாறு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் வரலாறு இல்லை. வில்லி லிஞ்ச் என்ற தோட்ட முதலாளி 1712-ல், அடிமைகளை எப்படிப் பிரித்தாள்வது என்று ஆற்றங்கரையில் ஆற்றிய உரை என ஒன்று பரவுகிறது. அதில் உள்ள சில சொற்கள் அந்த நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழக்கத்திலேயே இல்லை. 1990-களில்தான் அது பரவத் தொடங்கியது. தப்பியோடுபவர்களுக்கு வழிகாட்ட மெத்தைவிரிப்புகளில் ரகசியக் குறியீடு தைத்தார்கள் என்ற அழகான கதைக்கும் அக்கால ஆதாரம் கிடையாது. உண்மைக் கதைகளுக்குப் பஞ்சமா என்ன?

ரோசா பார்க்ஸ் வரிசையிலேயே போக விரும்பினால் எலிசபெத் ஜென்னிங்ஸைப் படியுங்கள். 1854-ல், பார்க்ஸுக்கு நூறு வருடம் முன்பே, நியூயார்க்கில் குதிரை இழுக்கும் டிராமிலிருந்து இறங்க மறுத்துக் கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஜெயித்த பள்ளி ஆசிரியை. அவருக்காக வாதாடிய இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால், புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த விளம்பரங்களைப் படியுங்கள் என்பேன். 'தொலைந்த நண்பர்கள்' பகுதியில் வந்த ஏராளமான விளம்பரங்களை நியூ ஆர்லியன்ஸில் ஓர் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு மாலைக்குப் பத்து விளம்பரம் போதும், அதற்கு மேல் தாங்காது. தேடும்போது ஆளின் பெயரைப் போடாதீர்கள், எஜமான் மாறும்போதெல்லாம் அதுவும் மாறியிருக்கும். ஊர்ப் பெயரையோ எஜமானின் பெயரையோ போடுங்கள்.